முதல் 15 மீற்றர்

பாக்கு நீரிணையை 1954இல் நீந்திக் கடந்த மு. நவரத்தினசாமியும், 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திச் சென்று 51 மணித்தியாலங்களில் மீண்ட ஆழிக்குமரன் ஆனந்தனும் எமது நீச்சல் மரபின் சிகரங்கள். அத்தகைய நெடுந்தூர நீச்சலில், நீருக்குள் எவ்வாறு இறங்கினோம் என்பது பொருட்டல்ல. இருபது செக்கன்களுக்குச் சற்று மேலாக முடிந்துவிடும் 50 மீற்றர் போட்டியிலோ நிலைமை வேறு.

உலகத்தர வீரர் ஒருவர் நீர்ப்பரப்பில் செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் வேகத்தில் நீந்துகிறார். தொடக்க மேடையை விட்டுப் பாயும் கணத்தில் அவரது வேகம் 4 மீற்றருக்கும் அதிகம். மேடையில் பெற்ற அந்த வேகத்தை இயன்றவரை இழக்காது காப்பதே தொடக்க நுட்பத்தின் சாரம்.

கால்கள் மேடையைப் பின்னோக்கி உதைக்க, மேடை உடலை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். ஆயின் தட்டையான பரப்பில் உதையின் பெரும்பங்கு கீழ்நோக்கியே செல்லும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பயன்பட்ட மேடைகளில் பின்புறம் சாய்ந்த தகடு இருந்தது. பின்காலை அதில் ஊன்றி, முழங்காலை ஏறக்குறைய செங்கோணமாக மடித்து உதைக்கும்போது விசை முன்னோக்கித் திரும்புகிறது. மேடையின் விளிம்பைப் பற்றியிழுக்கும் கைகளுக்கும் இதிற் பங்குண்டு. பலர் அதனை மறந்துவிடுகின்றனர்.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே கை, தலை, இடுப்பு, பாதம் யாவும் ஒரே துவாரத்தினூடாக நுழைவதுபோல் உடல் நுழைதல் வேண்டும். வயிறு அடிபட்டால் வேகம் அங்கேயே அழியும். நீருக்குள் அவசரப்பட்டு உதைப்பதும் தவறு: பாய்ச்சலின் வேகம் உதையின் வேகத்தை விஞ்சி நிற்கும்வரை உதை தடையாகவே அமையும். மார்பு நீச்சல் தவிர்ந்த ஏனைய முறைகளில் 15 மீற்றருக்குள் தலை நீர்ப்பரப்புக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி.

இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது ஆழத்தையே. மேடை நீர்மட்டத்திலிருந்து 0.5 முதல் 0.75 மீற்றர் வரை உயரமாயிருக்கலாம். மேடையுள்ள சுவரிலிருந்து 1 மீற்றர் தொடங்கி 6 மீற்றர் வரை ஆழம் குறைந்தது 1.35 மீற்றர் இருக்கவேண்டும் என்கிறது சர்வதேச விதி. இது பயின்றவருக்கான குறைந்தபட்ச அளவு மாத்திரமே. தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு முறிந்து, கைகால்கள் ஆயுள் முழுதும் செயலிழக்கக்கூடும். கீரிமலைக் கேணிக் கட்டிலிருந்தும், யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் இறங்குதுறைகளிலிருந்தும் தலைகீழாகப் பாய்ந்து பழகிய தமிழ், முஸ்லிம் சிறுவர்களின் துணிவு இங்கே ஆபத்தாகவும் மாறலாம். அவர்களை நேரே மேடையில் ஏற்றாது, முதலில் தடாக விளிம்பில் அமர்ந்தும், பின் முழந்தாளிட்டும், அதன்பின் நின்றும் பாயப் பயிற்றுவித்தல் வேண்டும். உதையையும் உடலை நேர்க்கோடாக நீட்டும் நிலையையும் பாடசாலை மைதானத்திலேயே பழக்கலாம். அதற்குத் தடாகம் தேவையில்லை.