ஆறு இரண்டு கடந்தால்

திருவனந்தபுரத்தில் வாழும் நாம் ஆண்டுதோறும் நவராத்திரியில் சரஸ்வதி தேவியின் பவனியை எதிர்கொண்டு வணங்குகிறோம். அத்தேவி புறப்பட்டு வரும் ஊரைக் கண்டவர் நம்முள் எத்தனை பேர்?

தெற்கே நெய்யாற்றையும் குழித்துறை ஆற்றையும் கடந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் சென்றால் தக்கலை. அதனை அடுத்துள்ளது பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். கற்கோட்டைக்குள் அமைந்த மர அரண்மனையின் வேலைப்பாடு வியக்கத்தக்கது. 1956-இல் இப்பகுதி தமிழகத்தோடு இணைந்தது. எனினும், அரண்மனையைப் பேணி வருவது கேரள அரசே.

அருகே, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை உள்ளது. 1741-இல் குளச்சற் போரில் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனியின் படைத்தலைவர் டிலனாய், பின்னர் அம்மன்னரின் படையையே பயிற்றுவித்து, 1777-இல் மறைந்தார். கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தில் அவரது கல்லறையைக் காணலாம். அதில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அக்கல்லின்முன் நின்ற என் பெயர்த்தி, "தாத்தா, இது எந்த மொழி?" என்று வினவினாள். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை! பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கிறாள். தாய்மொழியின் எழுத்தை நாங்கள் கற்பிக்கவில்லை. குற்றம் எங்களுடையதே. அன்று முதல் நாள்தோறும் ஒரு பக்கம் தமிழ் படிக்கிறோம்.

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. ஏனைய நாள்களில் காலையில் புறப்பட்டால் மாலையில் வீடு திரும்பலாம். அன்பர்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அக்கல்லெழுத்தை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.