வானத்தில் கல் பொறுக்கிய அம்மாள்

அரிசியில் கல் பொறுக்க உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முறத்தைச் சற்றே சரித்துக் கண்ணை ஓட்டினால், அரிசி நிறத்துக் கல்கூட உங்களிடமிருந்து தப்பாது. ஆனால் ஆகாயமே முறமானால்?

கரோலின் ஷூமேக்கர் என்ற அமெரிக்க அம்மாள் அந்தக் காரியத்தைத்தான் செய்தார். அவர் வான சாஸ்திரம் படித்தவர் அல்ல. படித்தது சரித்திரமும் அரசியலும். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார், பிடிக்கவில்லை. கணவர் யூஜீன் பேர் பெற்ற பூகர்ப்ப சாஸ்திரி. மூன்று குழந்தைகள் வளர்ந்து தத்தம் வழியே போனதும், 1980-ல் கணவருக்கு ஒத்தாசையாக இந்த வேலையில் உட்கார்ந்தார். அப்போது வயது 51! நம் வீடுகளில் "இனிமேல் எனக்கென்ன?" என்று சொல்லத் தொடங்கும் வயது.

எதைத் தேடினார்? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றி வருகின்றன. பெரும்பாலானவை சாது. சில மட்டும் கிரகங்களின் பாதையில் குறுக்கே புகுந்து போகும், பூமியின் பாதையிலும்தான். 2013 பிப்ரவரி 15 அன்று ருஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே அப்படி ஒரு கல் வெடித்தது. அதன் அகலம் சுமார் 20 மீட்டர்தான். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள். அது வருவதை ஒருவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

இத்தகைய கற்களை முறையாகத் தேட 1973-ல் கலிபோர்னியாவின் பாலோமார் மலையில் ஏற்பாடு செய்தவர்கள் யூஜீனும் எலினார் ஹெலின் என்ற பெண்மணியும். தொலைநோக்கி 18 அங்குலம்தான். வானத்தின் ஒரே பகுதியை முக்கால் மணி நேர இடைவெளியில் இரண்டு படம் எடுப்பார்கள். கரோலின் அம்மாள் இடது கண்ணுக்கு ஒன்றும் வலது கண்ணுக்கு ஒன்றுமாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். நட்சத்திரங்கள் கோலப் புள்ளிகள் போல் தட்டையாகக் கிடக்கும். இடையில் நகர்ந்துவிட்ட கல் மட்டும் தரையை விட்டு எழும்பி மிதப்பது போல் தெரியும். பிடித்துவிட்டார்!

1993 மார்ச்சில் ஒரு விந்தை. யாரோ பெட்டியைத் திறந்ததில் வெளிச்சம் பட்டு ஓரம் கெட்ட பிலிம் சில இருந்தன. வானத்தில் மேக மூட்டம். நல்ல பிலிமை வீணாக்குவானேன் என்று கெட்டதையே போட்டார்கள். (சிக்கனம் எந்த ஊரிலும் சிக்கனம்தானே!) அதில் அகப்பட்டது கல் அல்ல, துண்டு துண்டாக உடைந்த வால் நட்சத்திரம். கரோலின் தம்பதியும் அவர்கள் கூட்டாளி டேவிட் லெவியும் கண்டுபிடித்த அது, 1994 ஜூலையில் வியாழன் மீது வரிசையாக மோதியது. விழுந்த சில இடங்களில் பூமியளவு கறுப்புத் தழும்புகள்! மோதல் என்றால் என்ன என்பதை உலகம் கண்ணாலேயே பார்த்தது.

1997-ல் ஆஸ்திரேலியாவில் நேர்ந்த கார் விபத்தில் யூஜீன் மாண்டார். பலத்த காயத்துடன் பிழைத்த அம்மாள், தேறியதும் மறுபடி வேலைக்குத் திரும்பினார். 32 வால் நட்சத்திரங்களும் சுமார் 800 குறுங்கோள்களும் அவர் கணக்கு.

இன்று படங்களைச் சலிப்பது கம்ப்யூட்டர். பூமிக்கு அருகே வரும் கற்களில் 30,000-க்கு மேல் அகப்பட்டிருக்கின்றன. கரோலின் அம்மாள் 2021 ஆகஸ்டில், தமது 92-வது வயதில் காலமானார்.