அயலகத்து இல்லத்திலிருந்து அஞ்சல் விடுத்தல்

தூது தமிழுக்குப் புதியதன்று. விடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பது தூது இலக்கியத்தில் ஐயத்திற்கு இடமின்றி விளங்கும். நம் காலத்துத் தூதாகிய மின்னஞ்சலிலோ, விடுப்பவர் இன்னார் என நிறுவுவதே பெரும் சிக்கலாயிற்று. அச்சிக்கல் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பதை நம் மாணவர்க்குப் பயன்படும் வகையில் இக்கட்டுரையில் காண்போம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் தொழிற்சாலைகளிலும் உழைத்தோரின் மக்கள் பலர் இன்று வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மேலை நாடுகளிலும் பணியாற்றுகின்றனர். சென்ற இடத்தில் வீடு அமர்த்தி, இணைய இணைப்புப் பெற்று, கணினியில் தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற அஞ்சல் மென்பொருளை நிறுவுகின்றனர். ஊரிலிருந்து வரும் மடல்கள் தடையின்றி வந்து சேர்கின்றன. எழுதிய மடலோ புறப்படாமல் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. சான்றிதழ் வேண்டிக் கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பமாயினும், பணி நேர்காணலுக்கு இசைவு தெரிவிக்கும் மடலாயினும், உரிய நாளில் சேராவிடில் இழப்பு எழுதியவர்க்கே.

வருவது வந்து, போவது மட்டும் போகாதது ஏன்? இரண்டும் ஒரே வழியில் செல்வன அல்ல என்பதே விடை. வந்த மடலை எடுக்கும் முறைகள் பாப், ஐமேப் எனப்படும். மடலை அனுப்பும் முறை எஸ்.எம்.டி.பி. ஆகும். மடலை எடுக்க வருவோரிடம் வழங்கிக் கணினி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பிறர் மடலை எவரும் படித்துவிடலாகாது அல்லவா? ஆனால் 1982ஆம் ஆண்டு ஜோனதன் போஸ்டல் வகுத்தளித்த அனுப்பும் முறையில் அத்தகைய வினா இல்லை. தெருமுனை அஞ்சற்பெட்டி, மடலை இடுபவர் யாரென்று கேட்பதில்லை. அவ்வாறே அக்கால வழங்கிகளும், 'போர்ட்' எனப்படும் வாயில்களுள் 25ஆம் எண் வாயிலில் வந்த மடலை ஏற்றுக்கொண்டன. பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களையும் பல்கலைக்கழகங்களையும் இணைத்த சிறு உலகிற்கு அந்நம்பிக்கை போதுமானதாக இருந்தது.

இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும் அந்நம்பிக்கை சிதைந்தது. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15இல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. அப்பத்தாண்டிலேயே வேண்டா விளம்பர மடல்கள் உலகெங்கும் பெருகின. எனவே இணைப்பு நிறுவனங்கள், தம் கம்பியின் வழியே வருவோரின் மடலை மட்டுமே தம் வழங்கி அனுப்பும் எனக் கட்டுப்பாடு செய்தன. அதாவது, ஆளை அறியாமல் கம்பியை மட்டும் அறிந்தன. சென்னை நிறுவனத்தின் முகவரி உடைய ஒருவர் சிங்கப்பூர் சென்று வேறொரு கம்பியில் இணைந்தால், சென்னை வழங்கிக்கு அவர் அயலாரே. நாடும் வீடும் மாறும்தோறும் செல்வழி வழங்கியின் பெயரையும் மாற்ற வேண்டியதாயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தமிழ்ப் பணிகளில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் இணையத்தால் கூடி நூல்களைத் தட்டச்சு செய்தது இத்தகைய காலத்தில்தான்.

பின்னர் இன்னொரு கேடு விளைந்தது. நச்சுநிரல் புகுந்த வீட்டுக் கணினிகள், உரியவர் அறியாமலேயே வேண்டா மடல்களை 25ஆம் வாயில் வழியே நேரே வெளியே அனுப்பலாயின. அதனைத் தடுக்க, வீட்டு இணைப்புகளிலிருந்து அவ்வாயில் வழியே செல்வதைப் பல நிறுவனங்கள் அடைத்துவிட்டன. ஜப்பானில் 2005ஆம் ஆண்டு முதல் இம்முறை பரவலாயிற்று. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனமும் இவ்வாயிலை அடைத்துள்ளது. ஆகவே மடல் புறப்படாமை கணினியின் பழுதன்று. பெரும்பாலும் காவலின் விளைவே.

இவ்விடத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அயல்நாட்டு மன்னர்க்கு மடல் விடுக்க அவர்கள் எண்ணியபோது, முத்திரையில்லா மடலை அம்மன்னர் படிப்பதில்லை எனக் கூறப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்றில் முத்திரை பொறிக்கச் செய்தார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகள் தரும் செய்தி. விடுப்பவர் இன்னார் என்பதற்கு மடலே சான்று தாங்கிச் செல்ல வேண்டும் என்னும் நெறி இதனால் புலனாகிறது.

மின்னஞ்சலுக்கும் அத்தகைய முத்திரை பின்னர் வந்து சேர்ந்தது. மடல் ஒப்படைப்பதற்கென்றே 587ஆம் வாயில் 1998 டிசம்பரில் வகுக்கப்பட்டது. அனுப்புவோர் தம்மை மெய்ப்பிக்கும் முறை 1999 மார்ச்சில் வெளிவந்தது. இதன்பின் கம்பியை அறிதல் நீங்கி, ஆளை அறிதல் நிலைபெற்றது. எந்நாட்டில் எவ்வீட்டில் இருந்தாலும் நம் அஞ்சல் நிறுவனத்தின் வழங்கியையே பயன்படுத்தலாம்.

செய்ய வேண்டியவை சிலவே. முதலாவதாக, செல்வழி வழங்கியாக, வீட்டு இணைப்பைத் தரும் நிறுவனத்தின் பெயரை இடாமல், அஞ்சல் கணக்கு உள்ள நிறுவனத்தின் வழங்கிப் பெயரை இடுக. இரண்டாவதாக, வாயில் எண்ணாக 587 இட்டு 'ஸ்டார்ட் டிஎல்எஸ்' காப்பையோ, 465 இட்டு முழு டிஎல்எஸ் காப்பையோ தேர்க. மூன்றாவதாக, செல்வழிக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் தேவை என்பதைத் தவறாது குறிக்க. பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரியை இடுவதே பெருவழக்கு. ஜிமெயில் போன்றவற்றில் வழக்கமான கடவுச்சொல் இங்குச் செல்லாது. உலாவியின் வழியே நுழைந்து இசைவு தருதல் வேண்டும்; அன்றேல் ஈரடுக்குச் சரிபார்ப்பை அமைத்தபின் கிடைக்கும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லை இடுதல் வேண்டும்.

பிழைச் செய்தியையும் ஊன்றிப் படித்தல் நலம். வழங்கியோடு இணைய இயலவில்லை எனில் வாயில் எண்ணையும் வழங்கியின் பெயரையும் நோக்குக. மெய்ப்பித்தல் தவறியது எனில் கடவுச்சொல்லை நோக்குக.

பயணம் புறப்படும் முன்னரே செய்யத்தக்கது ஒன்றுண்டு. சரிபார்ப்புக் குறியெண் இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு வருமாறு அமைத்துவிட்டு, அவ்வெண் அயல்நாட்டில் இயங்காவிடில் கணக்கினுள் நுழையும் வழியே அடைபட்டுவிடும். கூகுள் கணக்கு தரும் 10 மாற்றுக் குறியெண்களை எடுத்துத் தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு காப்பாக வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. விமானம் ஏறும் நம் மாணவர் ஒவ்வொருவரும், பெட்டி கட்டும் நாளில் இதற்கெனக் கால் மணி நேரம் ஒதுக்குவாராக.