அழிய மறுக்கும் பதிவுகள்

வியாபார ஸ்தாபனங்களின் கணக்குகள் பேரேடுகளை விட்டுக் கணினிக்கு இடம் மாறிய நாள் முதலாகக் கணக்கர்களுக்கு அடிக்கடி நேரும் சங்கடம் ஒன்று உண்டு. வேண்டாத தலைப்பொன்றை நீக்கிவிடலாம் என்று டெலிட் பொத்தானை அழுத்தினால், அதன் கீழ் வேறு பதிவுகள் இருப்பதால் நீக்க இயலாது என்று மென்பொருள் மறுத்துவிடுகிறது. இதை யந்திரத்தின் கோளாறு என்றெண்ணி, அந்தத் தடையை எப்படியேனும் தகர்த்தெறியும் உபாயத்தைத் தேடுவோர் பலர். உண்மையில் அது கோளாறன்று. கணக்கின் க்ஷேமத்தை உத்தேசித்து வைக்கப்பட்ட காவலாகும்.

கணக்குத் தலைப்புகள் ஒரு விருக்ஷத்தைப் போல் அமைந்தவை. 'சொத்துகள்' என்னும் வேரிலிருந்து 'நடப்புச் சொத்துகள்' கிளைக்கிறது. அதிலிருந்து 'வங்கிக் கணக்குகள்'. அதன் நுனியில் தனித்தனி லெட்ஜர்கள். ஒவ்வொரு பதிவும் தன் தாய்ப்பதிவின் எண்ணைத் தன்னிடம் தாங்கி நிற்கிறது. தாயை மட்டும் நீக்கிவிட்டால், சேய்ப்பதிவுகள் இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு நிர்க்கதியாகின்றன; அவற்றின் தொகை எந்தத் தலைப்பின் கூட்டலிலும் சேராமல் போய், ஐந்தொகை இடறுகிறது.

இப்பிரச்சினை கணினித் தரவுத்தளத்தின் பிராயத்தை ஒத்தது. சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் அப்பல்லோ திட்டத்தின் எண்ணற்ற உதிரிப்பாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக 1966-இல் ஐ.பி.எம். நிறுவனம் வேறு இரு நிறுவனங்களுடன் சேர்ந்து உருவாக்கத் தொடங்கி, 1968 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் டவுனியில் முதன்முதலாக இயங்கிய ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பு, முழுவதும் கிளைமுறையிலேயே அமைந்தது. அதில் தாயை நீக்கினால் சந்ததி முழுவதும் உடன் மறையும். தாயின் கீழ் மட்டுமே எழுதப்பட்டிருந்த விவரம், பிறிதோரிடத்தில் தேவைப்பட்டாலும், திரும்பக் கிட்டாது. அதே ஐ.பி.எம்.-இல் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த அட்டவணைமுறைத் தரவுத்தளங்கள், சுட்டப்படும் பதிவு இருந்தே தீரவேண்டும் என்ற நியமத்தை ஃபாரின் கீ என்னும் கட்டுப்பாட்டின் மூலம் தரவுத்தளத்திடமே ஒப்படைத்தன. ஓரக்கிள் தரவுத்தளம் 2292 என்ற எண்ணுடன் 'சேய்ப்பதிவு உள்ளது' என்ற பொருளில் காட்டும் பிழை இந்த நியமத்தின் குரலே.

நீக்கும் வேளையில் என்ன நிகழவேண்டும் என்பதையும் முன்கூட்டியே விதித்து வைக்கலாம்: மறுக்கலாம், சந்ததியையும் சேர்த்து நீக்கலாம், அல்லது சேயிடமுள்ள தாயெண்ணை வெறுமையாக்கலாம். பில்லை நீக்கும்போது அதிலுள்ள உருப்படிப் பதிவுகளும் நீங்குவது நியாயம். வாடிக்கையாளர் ஒருவரை நீக்கும்போது அவருடைய பழைய பில்கள் யாவும் சேர்ந்து மறைவதோ அநர்த்தம்.

சில மென்பொருள்கள் வேகத்தின் பொருட்டு ஒவ்வொரு பதிவுக்கும் இடது, வலது என இரண்டு எண்களை வைத்திருக்கும். 'செலவுகள்' 1–10, அதனுள் 'பயணம்' 2–7, 'அஞ்சல்' 8–9, பயணத்தினுள் 'ரயில்' 3–4, 'பேருந்து' 5–6. பயணத்தைக் கிளையோடு நீக்கினால் ஆறு எண்கள் காலியாகின்றன. ஆகவே ஏழுக்கு மேற்பட்ட எண்கள் யாவும் ஆறு குறைய வேண்டும். அஞ்சல் 2–3 ஆகும், செலவுகள் 1–4 ஆகும். தரவுத்தளத்தில் நேரே கைவைத்துத் தாய்ப்பதிவை மட்டும் அழித்தவர், இந்தத் திருத்தங்கள் நிகழாமையால், இல்லாத கிளையைத் தேடும் விசித்திரமான பிழைகளைப் பின்னர் சந்திக்கிறார். தாயெண்களைச் செவ்வனே சீர்படுத்திய பின்னர், அவற்றைக்கொண்டு விருக்ஷம் முழுவதற்கும் எண்களை மறுபடி கணக்கிடுவதே இதற்குப் பரிகாரம்.

மற்றபடி நிவர்த்தி எளிது. காப்புப்பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, நுனியிலிருந்து வேரை நோக்கி நீக்கிச் செல்லவேண்டும். தேவையான சேய்களை முதலில் வேறொரு தாயின் கீழ் மாற்றிவிடவேண்டும். ஃபாரின் கீயை அணைத்துவிட்டு அழிப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. வவுச்சர் ஏறிய லெட்ஜரையோ அழிக்காமல், பயன்பாட்டிலில்லாதது என்று குறித்து ஒதுக்கி வைப்பதே முறை. இந்தியக் கம்பெனிச் சட்டப்படி கணக்கேடுகள் எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்கப்படவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தின் சுவடையும் அணைக்கவியலாத வகையில் பதிந்துவைக்கவேண்டும் என்பதும் விதி.