கட்டுமரமும் மலைமரமும்

நாம் வாழும் சாந்தன்பாறை கடல் காணாத ஊர். எனினும், இலேசாகவும் உறுதியாகவும் இருந்து மண்ணுக்கும் நீருக்கும் கேடு செய்யாத பொருள் எது என்று கலம் கட்டுவோர் இன்று தேடுகின்றனரே, அதற்குரிய விடைகளுள் ஒன்று நம் மிளகுக் கொடி படரும் கல்யாண முருங்கையிலும் மலைவேம்பிலும் முன்பே இருந்ததென்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிதல் நலம்.

சோழமண்டலக் கரை மீனவர் இத்தகைய மென்மரங்களையே கட்டுமரத்துக்குத் தெரிந்தெடுத்தனர். தேக்கு ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 650 கிலோ நிறுக்கும். மொலுக்காத் தீவுகளிலிருந்து வந்து கேரளத்தில் பரவிய அல்பீசியாவோ அதில் பாதியளவே. கட்டைகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைப்பர். கரை மீண்டதும் கட்டவிழ்த்து மணலிற் காயப் போடுவர். மென்மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். கனத்த கட்டை மிதப்புக் குன்றும். ஆகவே காயப் போடுதலும் தொழிலின் ஒரு பகுதியே. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட நூலில் இப்பெயரைக் குறித்தார். இன்று இரட்டை உடல் கொண்ட கலங்களுக்கு உலகெங்கும் அதே பெயர். பெயரைக் கைக்கொண்டவர்கள் மரத்தைக் கைவிட்டனர்!

கட்டை கிடைப்பது அரிதாயிற்று, விலையும் ஏறிற்று. 1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே மீனவரோடு கூடி ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். மீனவர் 'பைபர்' என வழங்கும் கண்ணாடியிழைப் படகும் பரவியது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் உதவியாக அவை ஏராளமாய் வந்து குவிந்தன. பைபர் மக்காது, அதுவே அதன் சிறப்பு, அதுவே அதன் குறையும். பழைய கட்டுமரம் அடுப்புக்காவது ஆகும். உடைந்த பைபரை எரித்தால் நச்சுப்புகை. விட்டால் கரையிலேயே கிடக்கும். எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் பட்ட கடனோ வேறு.

எனினும் இலேசின் பயனை மறுப்பதற்கில்லை. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017இல் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' சூரிய ஒளிப் படகு 75 பேரை ஏற்றுவது. அதன் உடல் கனத்திருப்பின் கூரைத் தகடுகள் தரும் மின்சாரம் எப்படிப் போதும்? கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமோ, பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரத்தை மருந்தூட்டிப் பதப்படுத்தித் தோணி செய்து காட்டியுள்ளது. இது நமக்கு மிகவும் பிடித்த வழி. புதிதாய் ஒரு காடும் அழிய வேண்டுவதில்லை அன்றோ?

சொந்த ஊரில் காணி நிலம் வைத்திருக்கும் நம் அன்பர் சிலர் கேட்கக் கூடும்: மலைவேம்பு நடலாமா? தமிழ்நாட்டில் இப்போது பலர் நடுகின்றனர்; ஆறேழு ஆண்டில் வெட்டுகின்றனர். மரம் ஒட்டுப்பலகை ஆலைக்குப் போகிறது.