பாட்டியின் பாஸ்புக்



போன மாதம் எங்கள் எதிர் வீட்டுச் சிறுமி ஒரு பழைய பாஸ்புக்கோடு ஓடி வந்தாள். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம். அட்டையில் 'பேங்க் ஆஃப் தஞ்சாவூர்' என்று இருந்தது. கடைசி வரியில் இருப்பு 340 ரூபாய்.

"தாத்தா, இப்படி ஒரு பேங்க்கே இப்ப கிடையாதுன்னு அப்பா சொல்றார். அப்போ பாட்டி பணம் போச்சா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி! பதில் தெரிய வேண்டுமானால், வங்கிகள் ஏன் ஒன்றோடு ஒன்று இணைகின்றன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

உங்கள் வகுப்பில் 10 பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு ஓர் உண்டியல் வைக்கிறீர்கள். மொத்தம் 1,000 ரூபாய். ஒருவன் சைக்கிள் வாங்க 800 ரூபாய் கடன் கேட்கிறான். கொடுத்துவிட்டீர்கள். மீதி 200. மறுநாள் மூன்று பேர் வந்து, "நோட்டு வாங்கணும், என் 100 ரூபாயைக் கொடு" என்றால் என்ன செய்வீர்கள்? 300 வேண்டும். இருப்பதோ 200!

இப்போது பக்கத்து வகுப்பில் 40 பேர் சேர்த்த 4,000 ரூபாயையும் இதனோடு சேர்த்துவிடுங்கள். உண்டியலில் 4,200 ரூபாய் இருக்கும். மூன்று பேருக்கும் உடனே கொடுத்துவிடலாம்.

வங்கியும் இப்படித்தான். நாம் போடும் பணத்தைத்தான் அது பிறருக்குக் கடனாகக் கொடுக்கிறது. கடனுக்கு வாங்கும் வட்டி அதிகம். நமக்குத் தரும் வட்டி குறைவு. இடையில் நிற்பதுதான் அதன் முக்கிய வருமானம். வாங்கியவர்கள் திருப்பித் தராத கடனுக்கு 'வாராக் கடன்' என்று பெயர். அது பெருகினால் வங்கி ஆட்டம் காணும்.

இணைப்பது ஏன்?

முதல் காரணம், பலம். மின் நிலையம், நெடுஞ்சாலை போன்றவற்றுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் கடன் தேவை. ஒருவருக்கே அவ்வளவு பெரிய கடனைச் சின்ன வங்கி கொடுக்க முடியாது; விதியும் அனுமதிக்காது. செலவும் குறையும். ஒரே தெருவில் இரண்டு கிளைகள், இரண்டு தலைமை அலுவலகங்கள் வேண்டியதில்லை அல்லவா?

இதற்காகத்தான் மத்திய அரசு பொதுத்துறை வங்கிகளை இணைத்தது. 2017-இல் 27 ஆக இருந்தவை 2020 ஏப்ரலில் 12 ஆயின. சென்னையில் 1907-இல் பிறந்த இந்தியன் வங்கியோடு, 1865-இல் பிறந்த அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இணைந்தது. தம்பி வீட்டுக்கு அண்ணன் குடிவந்த கதை!

இரண்டாவது காரணம், காப்பாற்றுவது. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது, அதில் பணம் போட்டவர்கள் தவித்தார்கள். அதன் பிறகு, நொடித்துப்போகும் வங்கியை நல்ல வங்கியோடு கட்டாயமாக இணைக்கச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது.

கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020-இல் அந்த நிலை வந்தது. நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் யாரும் எடுக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்களும் ஓய்வூதியம் போட்டிருந்தவர்களும் எப்படிக் கலங்கியிருப்பார்கள்! பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. தடையும் நீங்கியது. சுமார் 20 லட்சம் பேரின் டெபாசிட் தப்பியது.

எல்லோருக்கும் லாபமா?

இல்லை, குழந்தைகளே. லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை. டெபாசிட் போடுபவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். பங்கு வாங்குபவரோ அதன் சொந்தக்காரர். லாபம் வந்தால் பங்கு உண்டு. நஷ்டம் வந்தாலும் அவர் தலையில்தான்.

இரண்டு கிளைகள் ஒன்றானால், பக்கத்தில் இருந்த வங்கி தூரமாகிவிடும். நடக்க முடியாத முதியவர்களுக்கு அது சிரமம்தான். நலிந்த வங்கியின் வாராக் கடன் நல்ல வங்கியின் தோளில் ஏறுவதும் உண்டு. பக்கத்து வகுப்பும் யோசிக்காமல் கடன் கொடுத்திருந்தால், இரண்டு உண்டியலையும் சேர்த்து என்ன பயன்? பெரிய வங்கியாக இருந்தால் மட்டும் போதாது; பார்த்துக் கடன் கொடுக்கும் வங்கியாகவும் இருக்க வேண்டும்.

பாட்டியின் 340 ரூபாய்?

பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் வங்கியோடு இணைந்துவிட்டது. இணையும்போது கட்டடமும் கடனும் மட்டுமல்ல, வாடிக்கையாளரின் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பும் புதிய வங்கிக்குப் போய்விடும். 10 ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியிடம் உள்ள தனி நிதிக்குப் போகும். அப்போதும் அது பாட்டியின் பணம்தான். வங்கி மூலம் கேட்டுப் பெறலாம்.

"பாட்டியைக் கூட்டிக்கொண்டு இந்தியன் வங்கிக்குப் போ. பாஸ்புக்கையும் அடையாள அட்டையையும் மறக்காதே" என்றேன். பேத்தி கிளம்பிவிட்டாள். பாட்டிதான், "340 ரூபாய்க்கா இவ்வளவு அலைச்சல்?" என்று சிரித்தார். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டார்!

உங்களுக்குத் தெரியுமா?

* 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பலர் சேமிப்பை இழந்தனர். அதற்கு மறு ஆண்டுதான் இந்தியன் வங்கி தோன்றியது.

* ஒரு வங்கி மூடப்பட்டால், அதில் உங்களுக்கு உள்ள டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாக இருந்தது.

* வங்கி இணைந்தால் பாஸ்புக், காசோலை, ஐ.எஃப்.எஸ்.சி. எண் ஆகியவை மாறலாம். வீட்டில் உள்ள பாஸ்புக்குகளை எடுத்து, பழைய பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்!