கிறிஸ்துமஸ் தாத்தாவும் குழந்தையின் நம்பிக்கையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

மார்கழிப் பனி நீலமலையை மூடும் நாட்களில் எங்கள் அருவங்காட்டுக் கிறிஸ்தவ இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "அப்பா, கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா?" சிறு கேள்விதான், விடை சொல்வது எளிதன்று. "நிஜம்" என்றால் அது பொய். "பொய்" என்றால் குழந்தையின் மகிழ்ச்சி குலையும். கண்ணால் காணாத கடவுளை நம்பச் சொல்பவரும் இதே பெற்றோர்தாமே? தாத்தா கதை பொய்யென்று தெரியும் நாளில், இயேசுவின் கதையையும் குழந்தை அதே கணக்கில் சேர்த்துவிட்டால் என்ன செய்வது?

யார் இந்தத் தாத்தா?

இவர் முழுக் கற்பனை அல்லர். கி.பி. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா என்னும் ஊரில் நிக்கோலாஸ் என்ற ஆயர் வாழ்ந்தார். சீதனம் கொடுக்க வழியற்ற ஒரு தந்தையின் மூன்று பெண்களுக்காக, இரவில் யாரும் அறியாமல் அவர்கள் வீட்டுக்குள் பொன்முடிப்புகளை எறிந்தார் என்பது மரபுக் கதை. டிசம்பர் 6 அவரது திருநாள். டச்சுக்காரர் 'சின்டர்கிளாஸ்' என்றழைத்த பெயர் அமெரிக்காவில் 'சாண்டா கிளாஸ்' ஆயிற்று. 1823-இல் வெளியான ஓர் ஆங்கிலக் கவிதை அவருக்கு எட்டுக் கலைமான்கள் பூட்டிய வண்டியைத் தந்தது. 1931 முதல் கொக்கோ கோலா விளம்பரப் படங்கள் அவரது சிவப்பு உடையை உலகெங்கும் பரப்பின.

இதைப் பொறுக்காதவர்களும் உண்டு. பிரான்சு நாட்டுத் திஜோன் நகரில் 1951 டிசம்பர் 23 அன்று, தாத்தாவின் உருவ பொம்மையைப் பேராலயத்தின் முன்னே, சிறுவர்கள் பார்க்க எரித்தார்கள். மறுநாளே நகராட்சிக் கட்டடத்தின் கூரைமேல் தாத்தா மீண்டும் தோன்றினார்! எரித்துத் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று இது.

வேடமும் பொய்யும்

மேலைநாட்டுத் தாத்தா நள்ளிரவில் புகைபோக்கி வழியே வருபவர். நம் தாத்தாவோ கேரல் பாடுவோருடன், டிரம் முழங்க ஆடிக்கொண்டு வாசல் வழியே வருகிறார். முகமூடிக்குள் இருப்பவர் பக்கத்து வீட்டு அண்ணன் என்பது அவர் செருப்பைக் கண்டே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் கைகுலுக்கி, மிட்டாய் வாங்கிச் சிரிக்கிறார்கள். இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் கூடவே ஓடுகிறார்கள். கூத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டியவரை நாம் பொய்யர் என்கிறோமா? இதுவும் அத்தகைய வேடமே.

எனக்கு அச்சம் தருவது வேறொன்று. "நல்ல பிள்ளையாக இருந்தால்தான் தாத்தா பரிசு தருவார்" என்ற சொல்தான் அது. என் தந்தை தேயிலைத் தோட்டத் தொழிலாளி; எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். சிறுவயதில் எங்கள் லயன் வீட்டுக் கிறிஸ்துமஸ் என்றால் ஒரு புதுச் சட்டையும் அம்மா சுட்ட முறுக்கும்தான். வசதியான வீட்டுத் தோழனுக்கோ தலைமாட்டில் சைக்கிள்! அவன் என்னைவிட அத்தனை நல்லவனா? பரிசின் அளவு காட்டுவது பிள்ளையின் குணத்தை அன்று, தகப்பனின் சம்பளத்தை. இதை அறியாத ஏழைப் பிள்ளை தன்னைக் கெட்டவன் என்றே எண்ணிக்கொள்ளும். இது கிறிஸ்தவப் போதனைக்கும் நேர்மாறானது. கிருபை என்பது தகுதி பாராமல் கிடைக்கும் கொடை என்றுதானே ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறார்கள்?

என்ன செய்யலாம்?

நான் கேட்டபோது என் தாயார் சொன்னது இது: "அது வேஷம் ராசா. குடிலுக்குள்ள இருக்கிறவருதான் சாமி. அவரு பொறந்த சந்தோஷத்துல இவரு ஆடுறாரு." பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவர் விளையாட்டையும் கெடுக்கவில்லை; விசுவாசத்தையும் குழப்பவில்லை.

கேட்காத குழந்தையிடம் வலியச் சென்று ஆட்டத்தைக் கலைக்க வேண்டாம். கேட்டுவிட்டால் உண்மையையே சொல்ல வேண்டும். டிசம்பர் 6 அன்று நிக்கோலாஸின் கதையைச் சொல்லி, இல்லாதவர் ஒருவர் வாசலில் ஒரு சிறு பொருளை யாருமறியாமல் வைத்துவரக் குழந்தையையே அனுப்பலாம். வாங்கும் ஆசை கொடுக்கும் ஆசையாக மாறுவதை அன்று காணலாம்.

முகமூடியைக் கழற்றிப் பார்க்கும் நாள் எல்லாக் குழந்தைக்கும் வரத்தான் செய்யும். அதற்குள் ஒரு நல்ல அண்ணனை அது காணட்டும். பெற்றோர் சொன்ன பொய்யைக் காண வேண்டாம்.